கொழுந்தன் கடனும் கர்த்தர் கற்பித்த ஜெபமும்

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு வருடத்தில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணையை எடுத்து ஆரம்பிக்கிறேன். பிப்ரவரியில் நின்றுபோகிறது. வாசிக்கிற நாட்களிலும் அடுப்படிக்குள் போனதும் எல்லாம் மறந்துவிடுகிறது. இதற்கிடையில் இரண்டு வருடத்துக்கு முன் 75,000 ரூபாய் வாங்கிய என் கொழுந்தன் இன்னும் திருப்பித் தரவில்லை. அவரும் எங்கள் சபைதான், இரண்டு பெஞ்சு தள்ளித்தான் உட்காருவார். கர்த்தருடைய ஜெபத்தில் ‘மன்னியும்’ என்ற வரி வரும்போது எனக்கு வாய் அடைத்துக்கொள்கிறது. மன்னிப்பது என்றால் பணத்தை விட்டுவிடுவதா? வேதவாசிப்பு எனக்கு மட்டும் ஏன் உதவவில்லை?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் அந்த அட்டவணையை ஓரமாக வைப்போம். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23. 52 வாரத்தில் முடிந்துவிடும். கணக்கு சரி. ஆனால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்று 90 அதிகாரம் தாண்டினால் நாலாவது வாரக் கடைசியில் லேவியராகமம் வந்து நிற்கும். தகனபலி, கொழுப்பு, குண்டிக்காய். அந்த நேரம் பார்த்து ஒரு காய்ச்சலோ கல்யாண வீடோ வந்து நாலு நாள் விட்டுப்போனால் 12 அதிகாரம் பாக்கி. பாக்கியை அடைக்க வேகவேகமாகப் புரட்டுவீர்கள். அதற்குப் பெயர் வாசிப்பா? தவணை கட்டுவது. கடன் கொடுத்த நீங்களே அட்டவணைக்குக் கடனாளி ஆகிவிட்டீர்கள்!

உங்கள் பக்தியில் கோளாறு ஒன்றும் இல்லை, அளவுதான் அதிகம். இந்த வாரம் ஒரே ஒரு அதிகாரம் போதும்: மத்தேயு 18. அதன் கடைசியில் ஒரு உவமை: பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரனை ராஜா மன்னித்துவிடுகிறான்; அவனோ வெளியே போய், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரிக்கிறான். மொத்தம் 35 வசனம். வாய்விட்டு வாசித்தால் ஐந்தாறு நிமிடம். அதையே ஏழு நாளும் வாசியுங்கள். முதல் இரண்டு நாள் முழுசாக, பிறகு துண்டு துண்டாக, கடைசி நாள் மறுபடியும் முழுசாக. வாய்விட்டு வாசிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழகிய வசனத்தைக் கண் தாண்டிப்போய்விடும், நாக்கு அவ்வளவு சுலபத்தில் தாண்டாது. புரியாத சொல் வந்தால் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் ‘நூறு வெள்ளிப்பணம்’ என்று இருப்பது அதில் ‘நூறு தெனாரியம்’ என்று வரும். அது தெரிந்தால்தான் இந்த உவமையில் கணக்குப் போட முடியும்.

கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு வெள்ளிப்பணம் என்பது ஒருவனுடைய நாள்கூலி. மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டக்காரன் பேசிய கூலி அதுதான். இன்று ஒரு சித்தாளுக்கு நாளைக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உடன்வேலைக்காரன் தரவேண்டிய நூறு பணம் 80,000 ரூபாய். ஏறக்குறைய உங்கள் கொழுந்தன் வாங்கிய தொகை! ‘அற்பக் கடனுக்காகத் தொண்டையை நெரித்தான்’ என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அற்பம் என்று வசனம் எங்கேயும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு அது, போனால் வலிக்கத்தான் செய்யும். உங்களுக்கு வலிப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி மற்ற கடனைப் பாருங்கள். பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 நாள்கூலி, அதாவது ஒருவன் இருபது வருடம் உழைத்துச் சம்பாதிப்பது. பதினாயிரம் தாலந்துக்கு 6 கோடி நாள்கூலி. நம் 800 ரூபாய்க் கணக்கில் 4,800 கோடி. கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு வருடத்துக்கு வந்த வருமானமே 200 தாலந்துதான் என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் எழுதியிருக்கிறார். அந்த நாட்டின் ஐம்பது வருட வருமானத்தை ஒரு ஊழியக்காரன் தலையில் வைத்துச் சொன்ன கதை இது. கேட்டவர்கள் சிரித்திருக்கக்கூடும். இன்னொன்றையும் கவனியுங்கள். ‘பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்’ என்று இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கெஞ்சுகிறார்கள் (26, 29). முதலாமவன் சொன்னது நடக்கவே நடக்காத காரியம். இரண்டாமவன் சொன்னது நடக்கும்; கூலியில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கினால் ஆயிரம் நாளில் அடைத்துவிடலாம். நடக்காத வாக்குக்கு இரக்கம் பெற்றவன், நடக்கிற வாக்குக்குத் தவணைகூடக் கொடுக்கவில்லை. அங்கேதான் அவன் பிடிபடுகிறான்.

உங்கள் வாயை அடைக்கிற வரிக்கு வருவோம். ஆராதனை முறைமையில் ‘குற்றம்’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். மத்தேயு 6:12-இல் ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை’ என்றே இருக்கிறது. இயேசு பேசிய அரமேயிக் மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். ஆகவே உங்கள் மனசு சரியான இடத்தில்தான் உறுத்துகிறது. ஆனால் பணத்தை விட்டே ஆகவேண்டும் என்று அந்த வரியிலிருந்து எடுக்க முடியாது. திருப்பிக் கேட்பது வேறு, தொண்டையை நெரிப்பது வேறு. விட்டுக்கொடுப்பதும் வேதத்துக்குப் புதிது இல்லை, லூக்கா 6:35 கைம்மாறு கருதாமல் கடன் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் அந்தப் பணம் உங்கள் கையில் இருக்க வேண்டும். வீட்டுக்காரரும் சேர்ந்து கொடுத்த பணத்தை, பிள்ளைகளின் பீஸை, நீங்கள் தனியாக மன்னிக்க முடியாது. முதலில் அவரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்: தவணையா, பாதியா, முழுசும் விடுவதா. விடுவதென்றால் அதைக் கொழுந்தனிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மனசுக்குள் மட்டும் விட்ட கடன் அடுத்த சண்டையில் கம்பாக எழுந்து நிற்கும்.

எப்படிப் பேசுவது என்பதற்கு அதே அதிகாரத்தில் 15-ஆம் வசனம். முதலில் தனித்திருக்கையில். கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு. அதற்கும் பிறகுதான் சபை. நம் சபைகளில் இது அப்படியே தலைகீழாக நடக்கும். பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக்குறிப்பு என்று தொடங்கி, யார் என்று ஊருக்கே தெரிந்தபிறகு போதகரிடம் போய், கடைசியில் சம்பந்தப்பட்டவர் காதுக்கு வரும். அதற்குள் அவர் பணத்தைவிட மானத்தைப் பெரிதாக நினைக்க ஆரம்பித்திருப்பார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ‘துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்’ என்ற சங்கீத வசனத்தைப் போடுவதும் இதே கணக்கில்தான் சேரும். போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

தனியாகப் பேசும்போது பழைய கதையைத் திறக்க வேண்டாம். ‘தம்பி, மொத்தமாக வேண்டாம், மாதம் 2,500 முடியுமா?’ என்று தொகையையும் தேதியையும் சொல்லிக் கேளுங்கள். 30 மாதத்தில் முடியும். முடியாது என்றால் எவ்வளவு முடியும் என்று அவரே சொல்லட்டும். 500 என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு நோட்டில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உறவுக்குள் கையெழுத்தா என்று மாமியார் முகம் சுளிக்கலாம். ஞாபகப் பிசகு சண்டையாக மாறாமல் இருக்கத்தான் அது.

இன்னொரு வசனம் உங்களை வதைத்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்: காணிக்கையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்ற மத்தேயு 5:23. நன்றாகப் பாருங்கள், ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை’ இருந்தால் என்றுதான் இருக்கிறது. பணத்தைப் பொறுத்தவரை கொழுந்தன் வாசிக்க வேண்டிய வசனம் அது. ஆனாலும் நாலு பேர் முன்னால் நீங்கள் ஏதாவது சொல்லி அவருக்கும் உங்கள்மேல் குறை இருந்தால், அந்தப் பங்குக்கு மட்டும் நீங்கள் முதலில் போங்கள்.

அடுப்படியில் மறந்துபோகிறது என்றீர்களே, அதற்கு ஒரு சின்ன வேலை. வாசித்து முடித்ததும் பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே ஒரு வரி எழுதுங்கள். ‘அன்பாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் சாயங்காலம் அதைச் செய்தோமா என்று உங்களுக்கே தெரியாது. ‘வெள்ளிக்கிழமை தம்பிக்குப் போன்’ என்று எழுதுங்கள். ஆள், நாள், செயல் மூன்றும் இருந்தால் மறக்காது. செய்யாமல் விட்டாலும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்த வாரத்துக்குப் பிலேமோன் நிருபம். 25 வசனம், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். எஜமான் பிலேமோனை விட்டுப் பிரிந்துபோன அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும்போது பவுல், அவன் பட்ட கடன் ஏதாவது இருந்தால் ‘அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்’ என்கிறார். அதோடு விடாமல் அடுத்த வசனத்தில், தானே செலுத்துவதாகத் தன் சொந்தக் கையாலே எழுதிக்கொடுக்கிறார். நம்மூரில் புரோநோட்டு என்போமே, அதேதான்.