நேர்காணல் அறையில் வரும் நடுக்கம்

கேள்வி: எழுத்துத் தேர்வுகளில் எளிதாகத் தேறிவிடுகிறேன். ஆனால், நேர்காணல் அறைக்குள் சென்று அமர்ந்ததும் நெஞ்சு படபடக்கிறது, நாக்கு வறண்டுவிடுகிறது, கைகள் நடுங்குகின்றன. வீட்டில் தடையின்றிச் சொன்ன விடைகூட அங்கே நினைவுக்கு வருவதில்லை. எதிரில் இருப்பவர்கள் என் நடுக்கத்தைக் கவனித்துவிடுவார்களே என்ற எண்ணத்தில் மேலும் தடுமாறுகிறேன். பதற்றமே இல்லாமல் பேச என்ன வழி?

பதில்: பதற்றமே இருக்கக்கூடாது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். அதை அடக்க முயலும்போதுதான் கேள்வியைக் கேட்க வேண்டிய கவனம் முழுவதும் உங்கள் கைகள்மீது போய்விடுகிறது. உங்களுக்கு நேர்வது உங்களுக்கு மட்டுமே உரிய குறையும் அன்று. மன அழுத்தத்தின்போது உடலில் ஏற்படும் மாற்றங்களை ஆராய்வதற்காக ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை முறையை உருவாக்கி 1993-இல் வெளியிட்டார்கள். பங்கேற்பவர் வேலைக்கு விண்ணப்பித்தவராகத் தம்மை எண்ணிக்கொண்டு, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு குழுவின்முன் 5 நிமிடம் பேச வேண்டும்; பிறகு அவர்கள் எதிரிலேயே மனக்கணக்குப் போட வேண்டும். பெரும்பாலானோருக்கு இதயத் துடிப்பும், மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் கார்டிசால் என்னும் சுரப்பும் உயர்ந்துவிடுகின்றன. நல்ல உடல்நலம் உள்ளவர்களையும் பதற்றப்பட வைக்க ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த சூழலே வேலை நேர்காணல்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அந்தச் சோதனையில் குழுவினரின் இறுகிய முகமே பங்கேற்பவரைப் பெரிதும் வாட்டுகிறது. உண்மையான நேர்காணல்களிலும், எல்லோரையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட வேண்டும் என்பதற்காகத் தலையசைக்காமல், சிரிக்காமல், குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அந்த முகத்தைப் பார்த்து விடை தவறாகிவிட்டது என்று நீங்களாக முடிவு கட்டிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் நடுக்கத்தை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள் என்ற அச்சத்துக்கும் ஆய்வுலகில் விடை இருக்கிறது. சவிட்ஸ்கி, கிலோவிச் என்னும் உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசியவர்கள் தம் பதற்றம் வெளியே தெரிந்த அளவை மிகைப்படுத்தியே கணித்திருந்தார்கள். உள்ளே உணரும் படபடப்பில் சிறு பங்குதான் பிறர் கண்ணுக்குத் தெரியும் என்பதை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தபோது, அவர்களுடைய பேச்சே மேம்பட்டது. இதை அறிந்துகொள்வதே ஒரு மருந்து என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுதான்.

காத்திருக்கும் நேரத்தில் மூச்சைப் பயன்படுத்துங்கள். நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது என்பதால், விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். உள்ளே சென்றபின் கைகளை மடிமீது வைத்துக்கொள்ளுங்கள். தாளைக் கையில் பிடித்திருந்தால், விரலில் இருக்கும் சிறு நடுக்கம் தாளின் நுனியில் பெரிதாகத் தெரியும். சான்றிதழ்களைக் கோப்புக்குள்ளேயே வைத்து மேசைமீது விட்டுவிடுங்கள். கேள்வி முடிந்த மறுநொடியே பேசத் தொடங்க வேண்டியதில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் நீங்கள் மௌனமாக இருந்தால், எதிரில் இருப்பவர் நீங்கள் யோசிப்பதாகவே எடுத்துக்கொள்வார்.

விடைகள் மறந்துபோவதற்குப் பெரும்பாலும் அவற்றைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்வதே காரணம். ஒரு சொல் நழுவினால் அடுத்த வரியும் வராது. அதற்குப் பதிலாக, நீங்கள் செய்த வேலையிலிருந்தோ படிப்பிலிருந்தோ மூன்று, நான்கு நிகழ்வுகளைத் தேர்ந்தெடுத்து, என்ன சிக்கல் வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன ஆனது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் சொல்லுங்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கான முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில்தான் குரல் அதிகமாக நடுங்கும். நண்பர் ஒருவரை எதிரில் உட்காரவைத்து, சிரிக்காமல் கேட்கவும் இடையில் குறுக்கிடவும் சொல்லுங்கள். கண்ணாடிமுன் பேசுவதைவிட இது பல மடங்கு பயன் தரும்.

நேர்காணலில் மட்டுமன்றி அன்றாட வாழ்விலும் இப்படிப்பட்ட படபடப்பு வருமானால் மருத்துவரைப் பாருங்கள். யாரோ சொன்னார்கள் என்று மாத்திரை எதையும் நீங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஒரு கேள்விக்குத் தவறாக விடை சொல்லிவிட்டால் அதன்பின் எதுவுமே ஓடுவதில்லை. என்ன செய்வது?

பதில்: தவறான விடையைவிட, அடுத்த கேள்வி கேட்கப்படும்போது மனம் முந்தைய விடையிலேயே நிற்பதுதான் அதிகம் கெடுக்கிறது. விடை தெரியாவிட்டால், "இது எனக்குத் தெரியவில்லை, ஆனால் இவ்வாறு அணுகிப் பார்ப்பேன்" என்று சொல்லி நிறுத்துங்கள். தவறு உங்களுக்கே பிறகு புரிந்தால், "சற்றுமுன் சொன்னதில் ஒரு திருத்தம் சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டு, ஒரே வாக்கியத்தில் திருத்துங்கள். மன்னிப்புக் கேட்பதை நீட்ட வேண்டாம். திருத்திச் சொன்னதும் நேர்காணல் செய்பவரின் அடுத்த கேள்வியை முழுமையாகக் கேளுங்கள்.