ஒரே ஒரு நாப்

அன்புள்ள அண்ணாச்சி,

நான் நாசரேத் பக்கத்துக்காரன். பாளையங்கோட்டையில் வேலை. ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவோடு கிதார் வாசிக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் அத்தான் போன தடவை வந்தபோது சின்ன வால்வு ஆம்ப் ஒன்று, டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வு எரிகிற ஆம்ப்ளிஃபயர், கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து வாட், எட்டு இன்ச் ஸ்பீக்கர். ஒரே ஒரு நாப், வால்யூம் மட்டும்தான். டோன்கூடக் கிடையாது. ஃபெண்டர் கம்பெனியின் 'சாம்ப்' ஆம்பைப் பார்த்துச் செய்தது என்றார். அமெரிக்க வோல்டேஜுக்குச் செய்தது என்பதால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் போடுகிறேன்.

பாதிக்கு மேல் திருப்பினால் சத்தம் கூடவில்லை, கரகரப்புத்தான் கூடுகிறது. டிரம்ஸ் வாசிக்கும் நண்பன், "வால்வு எரியுற வெளிச்சத்துல பாட்டுப் புஸ்தகம் வாசிக்கலாம், வேற எதுக்கும் ஆகாது" என்று கேலி செய்கிறான். இதை விற்றுவிட்டு நூறு வாட்டில் ஒன்று வாங்கலாமா? இல்லை, நல்ல பெடல் வாங்கினால் சரியாகுமா? பழைய பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) கம்பெனி வால்வு தேடி மாட்டினால் நாதம் மாறும் என்கிறார்களே? முதலில் 'ம்ம்' என்று ஒரு இரைச்சல் இருந்தது. பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்ட பிறகு அது ரொம்பக் குறைந்துவிட்டது. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு நாதத்துக்கு அலைகிறேன் என்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

அன்புடன்,
டி.

அன்புள்ள டி.,

முதலில் அந்த எர்த் பின். இதை வாசித்து முடிக்கும் முன் எழுந்துபோய் ஆம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாருங்கள். படித்த பிள்ளை செய்கிற காரியமா இது? கிதார் கம்பி கேபிள் வழியாக ஆம்பின் இரும்புச் சட்டத்தோடு ஒட்டியிருக்கிறது. சட்டம் எர்த்தோடு ஒட்டியிருக்க வேண்டும். அந்த இரண்டாவது இணைப்பை அறுத்துவிட்டு இரைச்சல் குறைந்தது என்று சந்தோஷப்படுகிறீர்கள். உள்ளே ஒரு வயர் தளர்ந்து சட்டத்தில் கரண்ட் ஏறினால் அது கம்பியிலும் இருக்கும், கம்பியைப் பிடித்த உங்கள் கையிலும் இருக்கும். கோயில் மைக்கோ மிக்ஸர் வழியாக எர்த் ஆனது. பல்லவி எடுக்க மைக்கில் உதட்டை வைத்தீர்கள் என்றால் கையில் ஏறியது உதட்டில் இறங்கும். மேடையில் இப்படி உயிர் போனவர்கள் உண்டு.

ஸ்டெப்-டவுன் பெட்டியில் மூன்று ஓட்டை சாக்கெட் இருந்தால் மட்டும் போதாது. அந்த மூன்றாவது ஓட்டை உண்மையிலேயே சுவரில் உள்ள எர்த்தோடு சேர்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள். இரைச்சலைப் பொறுத்தவரை, ஒற்றைப் பவர் வால்வு ஆம்ப் கொஞ்சம் முனகத்தான் செய்யும். பெரிய ஆம்பில் இரண்டு வால்வு எதிரும் புதிருமாக நின்று சப்ளையிலிருந்து வரும் முனகலைத் தங்களுக்குள் அடித்துவிடுகின்றன. உங்களுடையதில் அதற்கு வழியில்லை. ஸ்டெப்-டவுன் பெட்டியை ஆம்பிலிருந்தும் கிதாரிலிருந்தும் தள்ளி வையுங்கள், நிற்கிற திசையை மாற்றிப் பாருங்கள். கொஞ்சம் குறையும். மிச்ச இரைச்சலோடு உயிரோடு இருங்கள்.

இசைத்தூணை விட்டுவிடுங்கள். திருநெல்வேலியைப் பற்றிப் பேசினால் அல்வா, அதை விட்டால் இசைத்தூண் என்று ஆகிவிட்டது. பெல் வால்வையும் விடுங்கள். இப்போது மாட்டியிருக்கும் வால்வு வேலை செய்கிறது அல்லவா? அது சாகிற அன்றைக்குப் பேசுவோம்.

நூறு வாட். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததே இந்தச் சொல்லால்தான். போன வாரம் எங்கள் தெருவில் கோயில் கொடைத் திருவிழா. ஆள் உயரத்துக்குப் பெட்டி ஸ்பீக்கர்களை அடுக்கி வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததே தவிர, பாட்டில் ஒரு வார்த்தை புரியவில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காது அதைக் 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று மட்டும் சொல்லும். இரண்டு மடங்கு சத்தம் என்று காது ஒப்புக்கொள்ள ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். உங்கள் ஐந்து வாட்டை விட ஐம்பது வாட் இரண்டு பங்கு சத்தம். நூறு வாட் அதற்கு மேல் இன்னொரு 3 டெசிபல். இதற்காகவா விற்கப்போகிறீர்கள்? ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 93 டெசிபல் தருகிற சாதாரண ஸ்பீக்கரில் ஐந்து வாட் 100 டெசிபல் தரும். மேலவீட்டுக்காரர் கம்பை எடுத்துக்கொண்டு வர அது தாராளம். ஸ்பீக்கரை மாற்றினால் வேறு கதை. 99 தருகிற பன்னிரண்டு இன்ச் ஸ்பீக்கரைத் தனிப் பெட்டியில் வைத்து, ஆம்ப் கேட்கிற அதே ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) பார்த்து இணைத்தால், உங்கள் ஐந்து வாட் இருபது வாட் போலப் பேசும்.

அப்படி மாற்றும்போது ஒன்று. ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துவிட்டு ஆம்பைப் போடாதீர்கள். இதை எனக்குச் சொல்லித்தந்தவர் என் பெரியப்பா. சேரன்மகாதேவியில் மைக் செட் வைத்திருந்தார். வால்வு ஆம்ப்ளிஃபயர் காலம். "ஏலே, ஹார்ன் மாட்டாம சுவிட்சைப் போட்டேன்னு வையி, அவுட்புட்டு செத்துப்போவும். கட்டிக்கொண்டாற காசு உங்கப்பன் தருவானா?" என்பார். கடைக்கு வந்துபோன ஒரு பட்டதாரி பின்னாளில் எனக்குக் காரணம் சொன்னார்: இழுக்க ஸ்பீக்கர் இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷனைத் துளைத்துவிடும். பெரியப்பாவுக்குக் காரணம் தேவைப்படவில்லை.

அவரோடு நான் போனதெல்லாம் பெரும்பாலும் சுடலைமாடன் கொடைகளுக்கு. வேப்பமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர், பனையில் ஒரு குழாய். ராத்திரி வில்லுப்பாட்டு தொடங்கும். புலவர் முன்னால் ஒரே மைக், குடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. உடுக்கைக்கும் தாளத்துக்கும் தனியாகக் கிடையாது, இந்த இரண்டிலேயே விழும். தொடங்குமுன் பெரியப்பா புலவரை நாலு வரி பாடச் சொல்வார். ஆம்ப்ளிஃபயரில் நாப்பை ஓரிடத்தில் நிறுத்துவார். பிறகு கூட்டத்தைத் தாண்டி நடந்துபோய் இருட்டில் நின்று கேட்பார். திரும்பி வந்து மயிரிழை திருப்புவார். அவ்வளவுதான். விடியும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது.

ஒரு ராத்திரி, பெண் பிள்ளை தகப்பனிடம் கெஞ்சுகிற கட்டம். புலவர் குரலை இறக்கினார். கடைசி வரிசைக்குக் கேட்காதே என்று பதறி நான் நாப்பைப் பிடித்துவிட்டேன். புறங்கையில் ஓர் அடி விழுந்தது. "கைய எடுலே. அவரு கொறைக்காருன்னா, கொறைக்கணும்னுதான் கொறைக்காரு." நிமிர்ந்து பார்த்தால் கடைசி வரிசையில் இருந்தவர்கள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புலவர் மைக்கை எப்படிப் புழங்கினார் என்பதை அதற்குப் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். கெஞ்சலுக்கு மைக்கிடம் நெருங்குவார். வீசுகோலை ஓங்கி வில்லில் அடித்து ஆங்காரமாக எடுக்கிற இடத்தில் இடுப்போடு பின்னால் போவார். சில இடத்தில் வேண்டுமென்றே பின்னால் போகாமல் அங்கேயே நின்று கத்துவார். குழாய் கிழியும். அந்தக் கிழிசல் மாடனுக்குப் பொருத்தமாக இருக்கும். ஆம்ப்ளிஃபயர் ஒரே இடத்தில் நிற்க, ஏற்றமும் இறக்கமும் முழுக்க அவர் உடம்பில் இருந்தது.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். உங்கள் கிதாரில் ஒரு வால்யூம் நாப் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டிருக்கிறீர்களா? பத்தில் வைத்தது பத்திலேயே இருக்கும். எனக்குத் தெரியும். உங்கள் வயதில் எல்லாக் கிதார்க்காரர்களும் அப்படித்தான். சத்தம் வேண்டுமென்றால் ஆம்பை நோக்கி ஓடுகிறீர்கள், கரகரப்பு வேண்டுமென்றால் பெடலை மிதிக்கிறீர்கள், இரண்டும் வேண்டாமென்றால் மிக்ஸரில் உட்கார்ந்திருக்கிற பையனுக்குக் கண்ஜாடை காட்டுகிறீர்கள். வாசிக்கிற கை மட்டும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருக்கிறது.

பாதிக்கு மேல் சத்தம் கூடவில்லை என்றீர்களே, ஆம்பில் பழுது ஒன்றும் இல்லை. அந்த ஒற்றை 6வி6 பவர் வால்வு தன்னால் முடிந்ததைப் பாதியிலேயே கொடுத்துவிட்டது. மேற்கொண்டு திருப்பும்போது அலையின் தலை மழுங்குகிறது. டிரான்சிஸ்டரில் அது வெட்டியது போல மழுங்கும், வால்வில் சரிந்து மழுங்கும். ஒற்றை வால்வாக இருப்பதால் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மாதிரி மழுங்குவதில்லை. அதனால் இரண்டாம் ஹார்மோனிக் தூக்கலாக வரும். நீங்கள் ஸட்ஜத்தை மீட்டினால் ஆம்ப் மேல் ஸட்ஜத்தைக் கூடவே பாடுகிறது. மூன்றாவது, அதற்கும் மேலே உள்ள பஞ்சமம். இதைத்தான் கரகரப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆம்பில் 5ஒய்3 ரெக்டிஃபயர் வால்வும் (ஏசி கரண்டை டிசி ஆக்குவது) இருந்தால் இன்னொன்றும் நடக்கும். ஓங்கி அடிக்கும்போது வோல்டேஜ் கொஞ்சம் தாழ்ந்து பிறகு மீளும். அடித்த ஸ்வரம் முதலில் அமுங்கிப் பிறகு விரியும்.

ஆகவே ஆம்பை முக்கால்வாசிக்குத் திருப்பி அங்கேயே விட்டுவிடுங்கள். கிதார் நாப்பை நாலுக்கோ ஐந்துக்கோ இறக்குங்கள். மென்மையாக மீட்டினால் தெளிவாக வரும். கீர்த்தனைக்குக் கார்டு பிடிக்க அந்த இடம் போதும். முழுக் கரகரப்பில் நாலு ஸ்வரம் சேர்ந்த கார்டை அடித்தால் ஒன்றோடு ஒன்று முட்டிக் குழம்பும், அதனால்தான் உங்களுக்கு அது பிடிக்காமல் போயிருக்கும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே ஒற்றைக் கம்பியில் இழுக்கிற இடம் வந்தால் சுண்டுவிரலால் நாப்பை முழுக்கத் திறங்கள். முடிந்ததும் மூடுங்கள். அதே எண்ணில் வைத்துக்கொண்டே மெதுவாகவும் ஓங்கியும் அடித்துப் பாருங்கள். எந்த அடியில் ஒலி உடையத் தொடங்குகிறது என்பதை விரல் கண்டுபிடித்துவிட்டால் உங்களுக்குப் பெடலே வேண்டாம். நாப்பை இறக்கும்போது ஒலி மந்தமாகிறதா? கெட்டித்தட்டிப் போன நீளக் கேபிளை மாற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நாப்பில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் வைத்துத் தருவார்கள், ரேடியோ ரிப்பேர்க் கடையிலேயே முடியும்.

மேலதிகாரி யார், ஆம்பா நீங்களா என்பது இதில் தெரிந்துவிடும். நிறைய நாப் உள்ள ஆம்பில் தெரியாது. அதில் ஒரு குறை வந்தால் திருப்ப இன்னொரு நாப் எப்போதும் மிச்சம் இருக்கும். அமெரிக்காவில் 1940-களின் கடைசியிலிருந்தே இந்த வகைச் சின்ன ஆம்பை, கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கென்றுதான் விற்றார்கள். ஸ்டூடியோக்காரர்கள் பின்னால் வந்து பிடித்துக்கொண்டார்கள். உங்களுக்கு அது அத்தான் கையால் சும்மா வந்திருக்கிறது. நீங்களோ அதை விற்று நூறு வாட் வாங்கி, வால்யூமை ஒன்றில் வைத்து வாசிக்கப்போகிறீர்கள். ஆமாம், ஒன்றில்தான். அதற்கு மேல் திருப்ப போதகர் ஐயர் விடமாட்டார்.

டிரம்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அந்த நண்பன் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. முழு டிரம் செட்டுக்குப் பக்கத்தில் ஐந்து வாட் தெளிவாக நிற்காது, உடைந்துதான் நிற்கும். ஆனால் உங்கள் கோயிலில் ஏற்கெனவே ஸ்பீக்கர்கள் தொங்குகின்றன. ஆம்பின் முன்னால் ஒரு சாண் தள்ளி, ஸ்பீக்கரின் காகிதக் கோனின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே பார்த்து ஒரு மைக் வையுங்கள். சபைக்குக் கேட்கவைப்பது தொங்குகிற ஸ்பீக்கர்களின் வேலை. உங்கள் ஆம்ப் நாதத்தை உண்டாக்கினால் போதும். அதைத் தரையில் வைக்காதீர்கள். கெண்டைக்காலுக்குக் காது இல்லை. ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேர்கோட்டில்தான் போகும். உங்களுக்கு மந்தமாகக் கேட்கிறதே என்று கூட்டுவீர்கள், முதல் பெஞ்சில் இருக்கிற பாட்டியம்மா காதைப் பொத்துவார்கள். ஒரு நாற்காலியில் ஏற்றி, உங்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் சாய்த்து வையுங்கள். ஒத்திகையில் யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சு வரை ஒருமுறை நடந்தும் பாருங்கள்.

அந்த நண்பனிடம் குச்சிக்குப் பதில் பிரஷ் எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கமாட்டான். கேட்டுப் பாருங்கள்.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸுக்கு வேனில் கொண்டுபோகிற எண்ணம் இருந்தால், தாராளமாகக் கொண்டுபோகலாம். இந்த ஆம்ப் இழுப்பது ஏறக்குறைய 40 வாட், ஒரு பழைய மாதிரி சீலிங் ஃபேன் இழுப்பதில் பாதி. வேன் பேட்டரியில் ஓட்ட சைன்வேவ் இன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள், மலிவான மற்ற வகையில் இரைச்சல் ஏறும். ஒவ்வொரு வீட்டிலும் பாடி முடித்ததும் ஆம்பை அணைத்து, வால்வு ஆறிய பிறகு வேனை எடுக்கச் சொல்லுங்கள். வால்வு சூடாக இருக்கும்போது நம் ஊர் ரோட்டில் குலுக்கினால் தாங்காது. அதற்குள் அந்த வீட்டில் கேக் கொடுத்துவிடுவார்கள்.

அன்புடன்