பந்திக் காட்சியில் நின்றுபோகும் டிவிடி

கேள்வி: 2007இல் நடந்த எங்கள் திருமண டிவிடி, பந்திக் காட்சி வந்ததும் உறைந்துபோகிறது. பரிமாறுபவர் மறைந்த என் அப்பா. உபுண்டு லேப்டாப்பில் நகலெடுத்தால் பாதியில் பிழை காட்டி நிற்கிறது. பற்பசை தேய்த்தால் சரியாகும் என்கிறார் கொழுந்தனார். கடையில் வாங்கிய திரைப்பட டிவிடிகளையும் இப்படி நகலெடுக்கலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: பற்பசையைப் பல்லுக்கே விட்டுவிடுங்கள். ஈரமான மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. தகவல் சுருளாக எழுதப்பட்டிருக்கிறது. அதன் போக்கிலேயே விழும் கீறலைத்தான் டிரைவால் சமாளிக்க முடிவதில்லை. எழுத்து நடுவில் தொடங்கி விளிம்பில் முடியும். விரல் படுவதும் விளிம்பில்தான். கடைசியில் வரும் பந்தி சிக்கியதில் வியப்பில்லை.

சரியாகிவிட்டதா என்று போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் நகல். சாதாரண நகல் கட்டளை, படிக்க முடியாத முதல் இடத்திலேயே கைவிரித்துவிடும். ‘டிடிரெஸ்க்யூ’ என்ற மீட்பு மென்பொருள் அதைத் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். உபுண்டுவில் ‘ஜிடிடிரெஸ்க்யூ’ என்று கேட்டு நிறுவ வேண்டும்; இயக்கும்போது முன்னால் ‘ஜி’ கிடையாது. அந்த ஓர் எழுத்தில் நான் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தேன்.

கட்டளையில் டிரைவின் பெயர் (பெரும்பாலும் ‘எஸ்ஆர்0’), ஐஎஸ்ஓ கோப்பு (வட்டின் முழு நகல்), மேப் கோப்பு (மீட்புக் கணக்கு) மூன்றையும் இதே வரிசையில் கொடுங்கள். செக்டர் (வட்டில் தகவல் பிரிந்திருக்கும் சிறு துண்டு) அளவு 2048 பைட் என்று குறிப்பிடுங்கள். முதல் சுற்றுக்கு ‘நோ ஸ்க்ரேப்’ (பழுதான இடங்களைச் சுரண்டிக்கொண்டிராதே) என்ற தேர்வு போதும். அடுத்த சுற்றில் அதை எடுத்துவிட்டு, 3 முறை மீண்டும் முயலச் சொல்லுங்கள்.

மேப் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். எது கிடைத்தது, எது பாக்கி என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. என் தங்கையின் திருமண வட்டில் தாலி கட்டும் இடத்தை என் லேப்டாப் படிக்கவே இல்லை. நண்பரிடம் வெளியே இணைக்கும் பழைய டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி, அதே மேப் கோப்போடு ஓட்டினேன். பாக்கி இடங்களை மட்டும் தேடிப்போய், ஏறக்குறைய முழுவதையும் எடுத்துத் தந்தது.

கடைத் திரைப்பட வட்டுகளில் பெரும்பாலும் நகலெடுப்பதைத் தடுக்கும் ‘சிஎஸ்எஸ்’ என்ற மறைகுறியீட்டுப் பூட்டு இருக்கும். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. சொந்த வட்டுக்குச் சொந்த நகல் என்பவருக்கு அந்த ‘நோக்கம்’ என்ற சொல் ஓர் ஆறுதல். நகலை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் அதுவும் போய்விடும்.

ஸ்டுடியோவில் எழுதித் தந்த திருமண வட்டில் பூட்டு இருக்காது. நகல் முடிந்ததும் ஐஎஸ்ஓவை விஎல்சியில் திறந்து, நேரே பந்திக்குப் போங்கள்.