சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தால் நிற்குமா?

அதிகச் சம்பளம் வாங்குவோருக்குச் சட்டப்படி உச்சவரம்பு வைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னார்குடிப் பக்கத்தில் பிறந்தவனுக்கு உச்சவரம்பு என்றதும் நினைவுக்கு வருவது நிலம்தான்.

1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வரையறுத்தது. 1970-இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. அப்போது என் தாத்தா ஒரு மிராசுதார் வீட்டில் காரியஸ்தராக இருந்தார். பண்ணையில் ஒரு வரப்புகூட இடம் மாறவில்லை. அவர் எழுதிய கணக்கில் மட்டும் மருமகன், மைத்துனன், அறக்கட்டளை, சமையற்காரர் என்று பட்டாதாரர்கள் பெருகினார்கள். மாட்டுக் கொட்டகையில் வேலை பார்த்த ஒருவர் பெயரிலும் மூன்று ஏக்கர் இருந்தது. கிஸ்தி ரசீதுகள் தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடக்க, அந்த நிலத்தின் 'உடைமையாளர்' அதே வயலில் நாற்றுப் பறித்துவிட்டு, சாயங்காலம் பத்தாயத்திலிருந்து அளந்து போட்ட நெல்லைத் துண்டில் முடிந்துகொண்டு போவாராம். இதைத் தாத்தா கடைசிக் காலத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சட்டத்தால் நிலம் பெற்ற குடும்பங்களும் உண்டு என்பதை மறுக்கமாட்டேன்.

சம்பளம் நிலத்தைவிட எளிதாகப் பெயர் மாற்றிக்கொள்ளும். 1993-இல் அமெரிக்கா, பங்குகள் பொதுமக்களிடம் விற்கப்படும் நிறுவனங்களின் உயர் அதிகாரிகளுக்குத் தரும் ஊதியத்தில் 10 லட்சம் டாலருக்கு மேற்பட்டதை வரிக்கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்றது. செயல்திறனோடு இணைந்த ஊதியத்துக்கு விலக்கு அளித்ததால், சம்பளத்துக்குப் பதிலாகப் பங்கு விருப்ப உரிமைகள், அதாவது நிறுவனப் பங்குகளை முன்பே குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமைகள், குவிந்தன.

நம் நாட்டிலும் வரம்பே இல்லை என்று சொல்ல முடியாது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 197-ஆம் பிரிவு, பப்ளிக் லிமிடெட் கம்பெனியின் இயக்குநர்களுக்கும் மேலாளருக்கும் தரும் மொத்த ஊதியம் நிகர லாபத்தில் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரே ஒரு நிர்வாக இயக்குநர் என்றால் 5 சதவீதம். ஆயிரம் கோடி லாபத்தில் 5 சதவீதம் என்பது 50 கோடி ரூபாய். அதுவும் போதாதென்றால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானத்தோடு வரம்பைத் தாண்டலாம். பங்குகளில் பெரும்பகுதி நிறுவனர் குடும்பத்திடமே இருக்கும் கம்பெனியில் அந்தத் தீர்மானம் எப்படி நிறைவேறும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே, இவ்வளவு ரூபாய்க்கு மேல் கூடாது என்ற வரம்பை நான் ஆதரிக்கவில்லை. தலைவரின் சம்பளத்தைத் தொழிலாளியின் சம்பளத்தோடு கட்டிப்போடும் விகித வரம்பையே ஆதரிக்கிறேன். சுவிட்சர்லாந்தில் 2013 நவம்பரில் 12 மடங்கு என்ற வரம்பு பொதுவாக்கெடுப்புக்கு வந்து, ஏறத்தாழ 65 சதவீத வாக்குகளால் தோற்றது. 12 இங்கே நடைமுறைக்கு ஒத்துவராது. 100-இல் தொடங்கினாலும் போதும் என்பேன். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஒவ்வோர் இயக்குநரின் ஊதியமும், ஊழியர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் வருபவருடையதைப்போல் எத்தனை மடங்கு என்பதை இப்போதே வெளியிட்டாக வேண்டும் என்பதால், கணக்கு கையில் இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒப்பந்தக்காரர் மூலம் வரும் காவலாளியும் துப்புரவுத் தொழிலாளியும் பொதுவாகச் சேர்வதில்லை. தாத்தாவின் கணக்கில், உண்மையில் உடைமையாளர் அல்லாதவர்கள் உடைமையாளர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். இந்தக் கணக்கில், உண்மையில் வேலை செய்யும் தொழிலாளிகள் விடுபடுகிறார்கள். அவர்களையும் சேர்த்து மடங்கு போடும் சட்டம் வந்தால் என் வாக்கு அதற்குத்தான்.