பழைய காரின் பவர் ஸ்டீயரிங் ஆயிலை மாற்றும் முன்

காருக்குப் பதினாறு வயது, பவர் ஸ்டீயரிங் ஆயில் கறுத்திருக்கிறது, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முனகல் கேட்கிறது, உதிரிபாகக் கடையில் ‘எல்லா வண்டிக்கும் சேரும்’ என்று ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். அதை ஊற்றலாமா, பழையதை முழுவதும் எடுத்துவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பாட்டிலை இப்போதைக்குத் திறக்காதீர்கள். பழைய கார்களை என் கையாலேயே பராமரித்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த விஷயத்தில் அவசரமாக ஊற்றியதைத் திரும்ப எடுப்பது, பொறுமையாகத் தேடி வாங்குவதைவிடப் பல மடங்கு பெரிய வேலை.

எந்த ஆயில் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் கடைக்காரரும் அல்ல, நானும் அல்ல. பெரும்பாலான கார்களில் ஆயில் தொட்டியின் மூடியிலேயே எழுதியிருக்கும். இல்லையென்றால் காரோடு வந்த கையேட்டின் பின்பகுதியில், எஞ்சின் ஆயில் அளவு தரும் அதே அட்டவணையில் இருக்கும். பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் டெக்ஸ்ரான் 2 அல்லது 3 என்று இருக்கும். இது ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்கு ஊற்றும் ஏடிஎஃப் வகை. ஹோண்டா தன்னுடைய பவர் ஸ்டீயரிங் ஆயிலைத்தான் கேட்கும், ஏடிஎஃப் ஊற்றக் கூடாது. ஹூண்டாய், கியா கார்களில் காலத்தைப் பொறுத்து பிஎஸ்எஃப்-3 அல்லது பிஎஸ்எஃப்-4 என்ற பவர் ஸ்டீயரிங் ஆயில் தரம். ஜெர்மன் கார்கள் பலவற்றில் சிஎச்எஃப் 11எஸ் என்ற செயற்கை ஆயில். பிஎம்டபிள்யூவில் ஒரே மாடலிலேயே சில வண்டிகளுக்கு ஏடிஎஃப், சில வண்டிகளுக்கு சிஎச்எஃப். ஆகவே நண்பரிடம் அதே மாடல் இருக்கிறது, அவர் இதைத்தான் ஊற்றினார் என்பது போதுமான சான்று ஆகாது.

டெக்ஸ்ரான் 3 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய கார்க்காரர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஜெனரல் மோட்டார்ஸ் அந்தத் தரத்துக்கு உரிமம் கொடுப்பதை 2006 இறுதியோடு நிறுத்திவிட்டது. இன்று கடையில் கிடைப்பவை ‘டெக்ஸ்ரான் 3 தேவைப்படும் இடங்களுக்கு ஏற்றது’ என்று தயாரிப்பாளரே தன் பொறுப்பில் சொல்லிக்கொள்பவை. பெயர் தெரிந்த நிறுவனம் தயாரித்ததாக இருந்தால் எனக்கு அதில் தயக்கம் இல்லை. அதற்கு அடுத்து வந்த டெக்ஸ்ரான் 6 சற்று இளக்கமானது: 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 6.4 சென்டிஸ்டோக் (அதை அளக்கும் அலகு) என்பதற்கு மேல் போகக் கூடாது என்பது விதி. பழைய 3 அதே வெப்பத்தில் பெரும்பாலும் 7-க்கு மேல் இருக்கும். புது பம்புக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தேய்ந்த பம்பு என்றால் நான் 3 வகையைத்தான் தேடி வாங்குவேன்.

ஏன் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன் என்றால், இந்த ஆயில் வெறும் உராய்வு குறைக்கும் பொருள் மட்டும் அல்ல. சக்கரத்தைத் திருப்பும் வேலையையே அதுதான் செய்கிறது. பெல்ட் சுழற்றும் பம்பு அதை அழுத்தி, முன்சக்கரங்களை இருபக்கமும் தள்ளித் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்குக்குள் அனுப்புகிறது; டயரில் நாம் அடிக்கும் காற்று 2, 2.5 பார் என்றால், நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது இந்தக் குழாய்க்குள் 80 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். அத்தனை அழுத்தத்தையும் உள்ளே பிடித்து நிறுத்துவது சில ரப்பர் சீல்கள். அந்த ரப்பர் எந்த ஆயிலில் எவ்வளவு உப்ப வேண்டும், எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துத்தான் தயாரிப்பாளர் ஆயிலைத் தேர்ந்தெடுக்கிறார். பதினாறு வருடம் ஒரே ஆயிலில் ஊறிப் பழகிய சீலுக்கு வேறு சேர்மானங்கள் கொண்ட ஒன்றைக் கொடுத்தால், சுருங்கி ஒழுகலாம், அல்லது அளவுக்கு மேல் உப்பிக் கிழியலாம். இரண்டும் அன்றைக்கே தெரியாது. சில மாதம் கழித்துத்தான் தெரியும், அப்போது யாரும் ஆயிலைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

பிரேக் ஆயிலை மட்டும் எந்த நெருக்கடியிலும் ஊற்றிவிடாதீர்கள். டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் வகை. ஸ்டீயரிங்கின் நைட்ரைல் ரப்பரை அது கெடுத்துவிடும். தவறிப்போய் ஊற்றிவிட்டால் எஞ்சினை இயக்காமல் அப்படியே தொட்டியிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இயக்கிவிட்டால் பம்பு, ரேக் என்று எல்லா இடத்துக்கும் அது போய்விடும். எதிர்த்திசையிலும் இதே ஆபத்து உண்டு: ஸ்டீயரிங் ஆயில் சில துளி பிரேக் தொட்டியில் விழுந்தால் அங்குள்ள சீல்கள் உப்பி, பிரேக்கே பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு மூடிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கார்கள் உண்டு. திறக்கும் முன் படித்துப் பாருங்கள்.

நிறத்தை வைத்து வாங்குவதும் சரியான வழி அல்ல. ஏடிஎஃப் பெரும்பாலும் சிவப்பு, சிஎச்எஃப் பச்சை, வேறு பல தெளிந்த மஞ்சள். ஆனால் அது தயாரிப்பாளர் கலக்கும் சாயம்தான், தரத்தைக் காட்டும் அடையாளம் அல்ல. பழைய சிட்ரோயென் கார்களின் எல்எச்எம் ஆயிலும் பச்சைதான். அதுவும் சிஎச்எஃப்பும் ஒன்றல்ல. நிறம் பயன்படுவது வேறொன்றுக்கு: இப்போது உள்ளே இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க. ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விடுங்கள். லேசாக மங்கியிருந்தால் கவலை இல்லை. கருப்பாகவும் தீய்ந்த வாடையோடும் இருந்தால் மாற்ற வேண்டிய காலம் தாண்டிவிட்டது. வெளிச்சத்தில் பொடிப்பொடியாக மினுங்கினால் உலோகம் தேய்கிறது என்று பொருள். ஆயில் மாற்றலாம், ஆனால் பம்பு மாற்றும் செலவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நுரைத்திருந்தால் காற்று நுழைகிறது.

‘எல்லா வண்டிக்கும் சேரும்’ என்ற பாட்டிலைப் பற்றி என் கருத்து: அதன் பின்பக்கத்தில் உங்கள் மூடியில் உள்ள தரத்தின் பெயர் அப்படியே அச்சாகியிருந்தால் வாங்கலாம். ‘பெரும்பாலான கார்களுக்கு’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எந்தத் தரத்தின் பெயரும் இல்லையென்றால் வேண்டாம். ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று விற்பவை சீலை உப்ப வைக்கும் ரசாயனங்கள். ஒழுக்கு சில காலம் நிற்கும், பிறகு ரப்பர் தளர்ந்து முன்னைவிட மோசமாகும். விற்கப்போகிற காருக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. வைத்துக்கொள்ளப்போகிற காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, மாற்றுவதற்கு முன் அளவைப் பாருங்கள். எஞ்சின் ஆயில் கொஞ்சம் எரிந்து குறையலாம். ஸ்டீயரிங் ஆயில் எரிவதே இல்லை. குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, வேறு காரணம் கிடையாது. பம்பின் சுழல்தண்டு, குழாய் இணைப்புகள், ரேக்கின் இரு முனைகளிலும் இருக்கும் மடிப்பு ரப்பர் உறைகள் ஆகிய இடங்களைப் பாருங்கள். அந்த உறையை விரலால் அமுக்கிப் பார்த்தால், ரேக்கின் உள் சீல் போயிருந்தால் உள்ளே ஆயில் தளும்புவது கைக்கே தெரியும். சூடான சைலன்ஸர் குழாய் மீது சொட்டுகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் தீப்பிடிக்கும் ஆபத்து அங்கேதான். அழுத்தம் ஏறும் பக்கத்துக் குழாய் கசிந்தால் கிளிப் போட்டு இறுக்கி ஓட்டாதீர்கள், குழாயையே மாற்றுங்கள். திரும்பி வரும் பக்கத்துக் குழாயில் அழுத்தம் குறைவு. அங்கே புதுக் குழாயும் நல்ல கிளிப்பும் போதும். ஆனால் ஆயிலையும் சூட்டையும் தாங்கும் குழாயாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் ஆகாது.

முனகலுக்கு இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதைத் தவறவிடுகிறார்கள். பல கார்களில் தொட்டியின் அடியில் ஒரு மெல்லிய வலை இருக்கும். வருடக்கணக்கில் சேறு படிந்து அது அடைத்துக்கொண்டால் பம்புக்குப் போதுமான ஆயில் வராது, அது வெற்றிடத்தை இழுத்து முனகும். எனக்குத் தெரிந்த ஒருவரின் காருக்குப் பம்பு போய்விட்டது என்று பணிமனையில் சொல்லிவிட்டார்கள். தொட்டியைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால் வலையே கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு படிவு. பழைய தொட்டிக்குப் பதில் புதுத் தொட்டி வைத்ததும் சத்தம் அடங்கியது. சில தொட்டிகளை மண்ணெண்ணெயில் அலசி, நன்றாக உலர்த்தி மீண்டும் பொருத்தலாம். வலை கிழிந்திருந்தால் தொட்டியையே மாற்ற வேண்டும். புது ஆயில் ஊற்றப்போகும் அன்றே இதையும் பார்த்துவிடுங்கள்.

மாற்றும் முறைக்கு வருகிறேன். முழு அமைப்பிலும் ஏறத்தாழ ஒரு லிட்டர் இருக்கும். பழைய காருக்கு எனக்குப் பிடித்தது சிரிஞ்சு முறை: பெரிய சிரிஞ்சின் முனையில் சிறிய குழாய் மாட்டி, தொட்டியில் உள்ளதை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே அளவு புதிதாக ஊற்றி, சில நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, மறுபடியும் அதையே செய்வது. தொட்டியில் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் முறைக்குப் பின் பழையது 67 விழுக்காடு மீதி இருக்கும். மூன்றாம் முறைக்குப் பின் 30, ஐந்தாம் முறைக்குப் பின் 13. மொத்தம் இரண்டு லிட்டருக்குள் வேலை முடிந்துவிடும். எதையும் கழற்ற வேண்டாம், காற்று நுழையாது, வயதான சீல்களுக்குத் திடீர் அதிர்ச்சியும் இல்லை. கறுத்துப்போன ஆயிலுக்கு இதுவே போதும்.

ஆனால் தவறான ஆயில் ஊற்றப்பட்டிருந்தாலோ, உலோகத்தூள் மினுங்கினாலோ சிரிஞ்சு போதாது. திரும்பி வரும் குழாயைக் கழற்றி முழுவதும் வெளியேற்ற வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் கை வைக்கக் கூடாது. குழாயின் முனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, தொட்டியில் அது மாட்டியிருந்த மூக்கை அடைத்துவிட்டு, எஞ்சினை இயக்காமல் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். ரேக்கில் இருப்பது வெளியே வரும். பிறகு தொட்டியை நிரப்பிவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து எஞ்சினை இரண்டு மூன்று நொடி மட்டும் இயக்கி அணைக்க வேண்டும், மற்றவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நொடிகளில் தொட்டி காலியாகிவிடும்; பம்பு ஒரு கணமும் வறண்டு சுற்றக் கூடாது. குழாயில் தெளிந்த புது ஆயில் வரும்வரை இப்படிச் செய்து, பின் குழாயைத் திரும்ப மாட்டுங்கள். துணைக்கு ஆள் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

காற்றை வெளியேற்றுவதுதான் பலர் அவசரப்படும் இடம். சக்கரங்கள் இன்னும் தூக்கியபடியே இருக்க, எஞ்சினை இயக்காமல் ஸ்டீயரிங்கை இருபக்கமும் பதினைந்து இருபது முறை மெதுவாகத் திருப்புங்கள், குறையக் குறைய ஊற்றுங்கள். அளவு இறங்குவது நின்ற பிறகு எஞ்சினை இயக்கி அதையே செய்யுங்கள். கோடிக்குப் போனதும் ஓரிரு நொடியில் விட்டுவிடுங்கள், அங்கேயே பிடித்து வைத்தால் அழுத்தமும் சூடும் ஏறிப் பம்பு அடிபடும். ஆயில் நுரைத்துவிட்டால் ஓட்டாமல் ஓர் இரவு அப்படியே விட்டு வையுங்கள், நுரை தானாக அடங்கும்.

தொட்டியில் குளிர்ந்த நிலைக்கும் சூடான நிலைக்கும் தனித்தனிக் கோடுகள் இருக்கும்; கழுத்து வரை நிரப்பினால் சூட்டில் விரிந்து மூடி வழியாக வழியும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு, கழற்றிய இணைப்புகளைக் காகிதத் துணியால் துடைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் முனகல் நிற்கவில்லை என்றால் பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிபாருங்கள், அதுவும் சரியாக இருந்தால் பம்பைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். எடுத்த பழைய ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல், மூடியுள்ள பாட்டிலில் சேர்த்து, பழைய எஞ்சின் ஆயில் வாங்கிக்கொள்ளும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள். பிரேக் ஆயிலை மட்டும் அதோடு கலக்காதீர்கள். கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு எடுத்துக்கொள்ள மறுத்துவிடுவார்கள்.