கணினி கேள்வி–பதில்: லினக்ஸில் ஒலி ஏன் பிந்துகிறது?

கேள்வி: என் லினக்ஸ் கணினியில் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கிட்டார் வாசிக்கிறேன். தந்தியை மீட்டிச் சற்று நேரம் கழித்தே ஹெட்போனில் ஒலி கேட்கிறது. பைப்வயரை நீக்கிவிட்டு அல்சாவை நேரடியாகப் பயன்படுத்தச் சொல்கிறார் ஒரு நண்பர். அவர் கணினியில் அப்படிச் செய்ததும் சரியாகிவிட்டதாம். ஜாக் இல்லாமல் இசைப்பதிவே செய்யக் கூடாது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவரையும் சற்றுப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். ஒலியட்டையுடன் உண்மையில் பேசுவது, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் இருக்கும் அல்சாதான். நிரல்களின் ஒலியை ஒருங்கிணைக்கும் பைப்வயரும் ஜாக்கும் அதன்மேல் அமர்ந்தே வேலை செய்கின்றன. இடையிலுள்ள அந்த அடுக்கை எடுத்துவிட்டால் தாமதம் போய்விடும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் தாமதத்தின் பெரும்பகுதி அடுக்கில் இல்லை, ஒலியைச் சற்று நேரம் தேக்கிவைக்கும் பஃபரின் அளவில் இருக்கிறது. ஒலி தொகுதி தொகுதியாகவே கணினிக்குள் வருகிறது, தொகுதி தொகுதியாகவே வெளியேறுகிறது. ஒரு தொகுதி நிரம்பும்வரை அதிலுள்ள முதல் சாம்பிளும் (ஒலியை ஒரு கணத்தில் அளந்த எண்) காத்திருக்கத்தான் வேண்டும். பைப்வயரின் இயல்பு அமைப்பு ஒரு தொகுதிக்கு 1024 சாம்பிள். நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற வேகத்தில் அது 21.3 மில்லிநொடி. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று வைத்தாலே 42 மில்லிநொடியைத் தாண்டிவிடும். உங்கள் காதில் விழுவது பெரும்பாலும் இதுதான்.

டெர்மினலில் பிடபிள்யூ-டாப் என்ற கருவியை இயக்கி, உங்கள் இன்டர்ஃபேஸின் பெயருள்ள வரியில் குவான்டம் (தொகுதியின் அளவு) என்னும் பத்தியைப் பாருங்கள். அங்கே 1024 என்று இருந்தால், பைப்வயரின் அமைப்பில் அதை 128 ஆக மாற்றிவிட்டு மீண்டும் வாசித்துப் பாருங்கள். ஒரு தொகுதியின் காலம் 2.7 மில்லிநொடியாகக் குறைந்துவிடும். உங்கள் முதல் நண்பருக்கு நடந்ததையும் இதை வைத்து ஊகிக்கலாம். ஒலிப்பதிவு மென்பொருளை அல்சாவுக்கு மாற்றும்போது பஃபர் அளவு எவ்வளவு வேண்டும் என்று அதுவே கேட்கும். அவர் சிறியதொரு எண்ணைத் தேர்ந்தெடுத்திருப்பார், பெயர் அல்சாவுக்குப் போயிருக்கும்.

இரண்டாவது நண்பரின் பேச்சில் ஓரளவு நியாயம் உண்டு. ஒலியட்டை எழுப்பும் குறுக்கீட்டு (இன்டரப்ட்) சமிக்ஞையைக் கேட்டு விழித்தெழுவது ஜாக்கின் முறை. பைப்வயர் பொதுவாகக் கர்னலின் கடிகாரத்தை நம்பி விழிப்பதால், பல யுஎஸ்பி கருவிகளுக்குப் பாதுகாப்பு கருதிக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டுவைக்கிறது. ஆகவே ஒரே பஃபர் அளவிலும் ஜாக் சற்று முந்தியிருக்க வாய்ப்பு உண்டு. இன்றைய பைப்வயரில் அந்தக் கருவிக்கு ‘ப்ரோ ஆடியோ’ என்னும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் குறுக்கீட்டு முறைக்கு மாறிவிடும். வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும். ஜாக்குக்காக எழுதப்பட்ட ஆர்டர் (Ardour) போன்ற ஒலிப்பதிவு மென்பொருள்கள் பைப்வயரிலும் அப்படியே இயங்குகின்றன என்பதால், நீங்கள் எதையும் நீக்க வேண்டியதில்லை.

கேள்வி: பஃபரை 64 ஆகக் குறைத்ததும் ‘படபட’வென்று இரைச்சல் வருகிறது. என்னுடையது வேகமான செயலி (சிபியு). பிறகு ஏன் இப்படி?

பதில்: இங்கே சராசரி வேகத்துக்கு வேலை இல்லை. 64 சாம்பிள் என்றால் 1.33 மில்லிநொடிக்கு ஒருமுறை கெடு வருகிறது. ஆயிரம் முறை குறித்த நேரத்தில் முடித்துவிட்டு ஒரே ஒருமுறை பிந்தினாலும் அந்த ஒருமுறை காதில் விழும். பிந்தவைப்பவை பெரும்பாலும் ஒலியோடு தொடர்பில்லாதவை: மின்சாரத்தைச் சேமிக்கச் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது, வைஃபை டிரைவர் சற்று நேரம் கர்னலைப் பிடித்துக்கொள்வது, மற்ற வேலைகளை முந்தி ஓட ஒலி நிரலுக்கு நிகழ்நேர முன்னுரிமை கிடைக்காமல் போவது. முதலில் அந்த முன்னுரிமை கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு செயலியின் வேகத்தைக் குறையவிடாமல் முழு அளவிலேயே வைத்திருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பிடபிள்யூ-டாப்பில் பிழைகளை எண்ணும் பத்தி ஏறுகிறதா என்று கவனியுங்கள். எது குற்றவாளி என்பது அதிலேயே தெரிந்துவிடும். நிகழ்நேரக் கர்னலுக்கான பிரியெம்ப்ட் ஆர்டி மாற்றங்கள் 2024இல் வெளியான 6.12 பதிப்பில் மூலக் கர்னலிலேயே சேர்ந்துவிட்டன. ஆனால் அது கடைசியாகச் செய்து பார்க்க வேண்டியது.

அதற்கும் முன்னால் 64 எதற்கு என்று ஒருமுறை யோசிக்கலாம். 128க்கும் 64க்கும் உள்ள வேறுபாடு ஒரு திசைக்கு 1.3 மில்லிநொடி. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், அந்த நேரத்தில் அது அரை மீட்டர்கூடக் கடப்பதில்லை. மேடையில் ஆம்பிளிஃபயரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்கும் கலைஞர் ஏறத்தாழ 9 மில்லிநொடி தாமதத்தோடுதான் தன் கிட்டாரைக் கேட்கிறார், தாளம் தவறுவதில்லை.

கேள்வி: பல்ஸ்ஆடியோவைப் பழைய லினக்ஸ் பயனர்கள் இன்றும் திட்டுகிறார்கள். அது அவ்வளவு மோசமானதா?

பதில்: பாதி நியாயம், பாதி அநியாயம். லெனார்ட் பொயட்டரிங் எழுதிய பல்ஸ்ஆடியோ, லினக்ஸ் வெளியீடுகளான ஃபெடோரா 8இல் 2007இலும் உபுண்டு 8.04இல் 2008இலும் இயல்பு ஒலியமைப்பாக வந்தது. பெரிய பஃபரை நிரப்பிவிட்டுச் செயலியை உறங்கவிடுவது, புதிய ஒலி வந்தால் ஏற்கெனவே நிரப்பியதைப் பின்னோக்கிச் சென்று திருத்துவது என்பது அதன் உத்தி. மடிக்கணினியின் பேட்டரிக்கு நல்லது. ஆனால் ஒலியட்டை இந்தக் கணத்தில் எந்தச் சாம்பிளை ஒலிக்கிறது என்பதை டிரைவர் துல்லியமாகச் சொன்னால்தான் அது பலிக்கும். அன்றைய டிரைவர்கள் பல தவறாகச் சொல்லின. டிரைவரின் பிழைக்குப் பல்ஸ்ஆடியோ பழி சுமந்தது. அதே சமயம், டிரைவர்கள் இந்த நிலையில் இருக்கும்போதே அதை எல்லோர் கணினியிலும் இறக்கியது அவசரம்தான் என்பது என் கருத்து.

ஒலிப்பதிவுக்குக் குறைந்த தாமதம் தருவது அதன் நோக்கமாகவே இருந்ததில்லை. அந்த வேலைக்குப் பால் டேவிஸின் ஜாக் ஏற்கெனவே இருந்தது. பயனருக்கு இருந்ததோ ஒரே கணினி, ஒரே ஒலியட்டை. ஜாக்கைத் தொடங்கினால் பல்ஸ்ஆடியோ ஒலியட்டையை விட்டுக்கொடுக்க வேண்டும், பிரவுசர் ஊமையாகிவிடும். இரண்டையும் இணைக்கப் பாலம் அமைத்தவர்களின் எரிச்சல் முற்றிலும் உண்மையானது. விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் இங்கேதான் வெல்கிறது: கேட்கும் நிரலின் தேவைக்கேற்ப தொகுதி அளவைத் தானே கூட்டிக் குறைக்கிறது, பாட்டு மட்டும் ஓடினால் பெரிது, இசைப்பதிவு தொடங்கினால் சிறிது. 2021இல் ஃபெடோரா 34 அதை இயல்பாக்கியது, 1.0 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது.

கேள்வி: என் மென்பொருள் 5.3 மில்லிநொடி என்று காட்டுகிறது. நண்பர் தன்னுடையது 4 என்கிறார். யாருடையது சிறந்தது?

பதில்: இரண்டும் அளந்த எண்கள் அல்ல, பஃபர் அளவிலிருந்து கணக்கிட்டவை. ஒலியை எண்ணாக்கும் சில்லுகளும் யுஎஸ்பி பரிமாற்றமும் எடுத்துக்கொள்ளும் நேரம் பொதுவாக அதில் அடங்காது. இன்டர்ஃபேஸின் வெளியீட்டை ஒரு கேபிளால் அதன் உள்ளீட்டிலேயே செருகி, ஜாக்குடன் வரும் ஐஓடிலே கருவியை ஓட்டினால், போய்த் திரும்பும் முழுத் தாமதம் தெரியும். செருகுவதற்கு முன் ஒலியளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் ஒலியைக் கணினிக்குப் போகாமலேயே வெளியீட்டுக்கு அனுப்பும் நேரடிக் கண்காணிப்புக் குமிழையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஊளையிடும். நண்பரும் இப்படி அளந்த பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: நான் பாடகி. பதிவின்போது ப்ளூடூத் ஹெட்போனில் என் குரலைத் தாமதமின்றிக் கேட்க என்ன அமைப்பு மாற்ற வேண்டும்?

பதில்: ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, ஹெட்போனுக்குள் சேமித்து விரிக்கவே பொதுவாக 100 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது, லினக்ஸின் எந்த அமைப்பாலும் அதைத் தவிர்க்க முடியாது. கம்பியுள்ள ஹெட்போனை இன்டர்ஃபேஸில் செருகி, மேலே சொன்ன நேரடிக் கண்காணிப்புக் குமிழைத் திருப்புங்கள். உங்கள் குரல் கணினிக்குள் போகாமலேயே காதுக்கு வந்துவிடும், பஃபர் 1024 ஆகவே இருந்தாலும்.