எட்டாயிரம் டாலர் கார் ஏன் இங்க வர மாட்டேங்குது? – வாங்குறவங்க கேள்வி-பதில்

இந்த தடவ வந்த கடிதத்துல முக்காவாசி குட்டி காரப் பத்தித்தான். எல்லாத்தையும் சுருக்கித்தான் போட்டிருக்கேன்.

கேள்வி: மச்சான் ஷென்சென்ல இருக்கான். அங்க பிஒய்டிங்கற சீன கம்பெனியோட சீகல்னு ஒரு சின்ன எலக்ட்ரிக் கார், ஆஃபர்ல 55,800 யுவானுக்கு வித்தாங்களாம், எட்டாயிரம் டாலர் கூட ஆகல. இங்க ஓடித் தேஞ்ச கொரோலாவுக்கே அதுக்கு மேல கேக்குறாங்க. பெட்ரோல் கம்பெனிங்க சேந்து தடுக்குதுங்கறாங்களே, நெசமா சார்? (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: ரகசியமா யாரும் தடுக்க வேண்டிய அவசியமே இல்ல, சட்டத்துலயே வெளிப்படையா இருக்கு. 2024 செப்டம்பர்ல இருந்து சீன எலக்ட்ரிக் காருக்கு அமெரிக்காவுல 100 சதவீத வரி. அதுக்கு மேல 2025 ஜனவரில ஒரு விதி போட்டாங்க, நெட் கனெக்ஷன் இருக்குற கார்ல சீன சாஃப்ட்வேர் இருந்தா 2027 மாடல்ல இருந்து விக்கவே முடியாது. ஒண்ணு உள்ளூர் தொழிலக் காப்பாத்த, இன்னொண்ணு உளவு பயம்.

ஆனா இந்த ரெண்டு விதியும் வர்றதுக்கு முன்னாடியும் இந்த மாதிரி கார் வரல, அதத்தான் கவனிக்கணும். அமெரிக்காவுல விக்கணும்னா முன் ஏர்பேக், வண்டி சறுக்காம பிடிக்கிற ஈஎஸ்சி, பின்னாடி கேமரா எல்லாம் கட்டாயம், இதுல சீட் பெல்ட் போடாத பொம்மைய உக்கார வெச்சும் மோதிக் காட்டணும். சீனாவுல 2020ல 28,800 யுவானுக்கு வந்துச்சே வூலிங் ஹோங்குவாங் மினி, அதோட ஆரம்ப மாடல்ல ஏர்பேக்கே கிடையாது, உச்ச வேகம் 100 கிலோமீட்டர். உங்க ஊர் ஹைவேல ட்ரக்குக்கு நடுவுல அத ஓட்டிப் பாக்குறத நெனச்சுக்கோங்க.

ஐரோப்பா கதவ மூடல, வரி கட்டிட்டு வான்னு சொல்லுது. பிஒய்டிக்கு சாதா 10 சதவீதத்தோட 2024 அக்டோபர் கடைசியில இருந்து இன்னொரு 17. அதே சீகல் 2025ல டால்ஃபின் சர்ஃப்னு பேரு மாத்தி அங்க வந்துச்சு, சீனாவுல இருக்குறதவிட ஒரு இருபது சென்டிமீட்டர் நீளம், ஜெர்மனில ஆரம்ப விலை 22,990 யூரோ. வரி, கப்பல் கூலி, டீலர் கமிஷன், அந்த ஊர் விதிக்கு ஏத்த மாதிரி சேத்த சாமான் எல்லாம் போட்டா ரெண்டு மடங்குக்கு மேல போயிடுது. அந்தக் காசுக்கு ஜனங்க கொஞ்சம் பெரிய செகண்ட் ஹேண்ட் காரத்தான் எடுக்குறாங்க. தாய்லாந்துல செஞ்சு வந்த மிட்சுபிஷி மிராஜ், கொரியாவுல இருந்து வந்த செவர்லே ஸ்பார்க், ரெண்டையுமே அமெரிக்காவுல நிறுத்திட்டாங்க. அதுங்களுக்கு சீன வரி எதுவும் கிடையாது.

கேள்வி: ஊருக்கு வந்துட்டு திரும்பிப் போறேன். என்னோட 2016 ஆல்டோவ சிகாகோவுக்குக் கப்பல்ல அனுப்பலாமா? (சென்னை)

பதில்: முடியாது, இங்கயே வித்துருங்க.

கேள்வி: ஒரு சீன சைட்ல குட்டி எலக்ட்ரிக் கார் 3,500 டாலர், 'டிஓடி அப்ரூவ்ட்'னு, அதாவது அமெரிக்க போக்குவரத்துத் துறை அனுமதிச்சதுன்னு, கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. அப்பா கடைக்குப் போயிட்டு வர ஆகும்னு முழுப் பணத்தையும் பேங்க் வயர்ல அனுப்பிட்டேன். வண்டி துறைமுகத்துல நிக்குது. வண்டி இறக்குமதிக்கு குடுக்குற எச்எஸ்-7 படிவம் கேக்குறாங்க, லேபிள் இல்லன்னு விட மாட்டேங்குறாங்க. வித்தவன் ஃபோன எடுக்கல அண்ணா. (ஹூஸ்டன்)

பதில்: படிக்கவே வயிறு எரியுது. உங்கள யாராவது பேராசைன்னு சொன்னா காதுல வாங்காதீங்க, அப்பாவுக்குன்னு நெனச்சு வாங்கிருக்கீங்க, ஏமாத்துனது அவன். முதல்ல இன்னைக்கே பேங்குக்குப் போய் வயர ரீகால் பண்ண முடியுமான்னு கேளுங்க, ஒவ்வொரு நாளும் வாய்ப்பு குறையும். சைட் வழியா ஆர்டர் போட்டிருந்தா அங்கயே டிஸ்ப்யூட் போடுங்க, சாட் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. எஃப்பிஐயோட இணைய மோசடி புகார் சைட்டான ஐசி3லயும், வாங்குறவங்களுக்கான அரசு அமைப்பான எஃப்டிசிலயும் புகார் கொடுங்க. அப்புறம் ஒரு கஸ்டம்ஸ் ப்ரோக்கரப் பிடிச்சு, வண்டியத் திருப்பி அனுப்புறதா இல்ல ஒப்படைச்சு அழிக்கிறதான்னு சீக்கிரம் முடிவெடுங்க, துறைமுக வாடகை ஏறிக்கிட்டே இருக்கும்.

மத்தவங்களும் இதப் படிங்க. 'டிஓடி அப்ரூவ்ட்' கார்னு உலகத்துலயே ஒண்ணு கிடையாது. ஐரோப்பாவுல விக்கிறதுக்கு முன்னாடி அரசாங்கம் சோதிச்சு அனுமதி குடுக்கும். அமெரிக்காவுல அப்படி இல்ல, செஞ்ச கம்பெனியே 'விதிப்படிதான் செஞ்சிருக்கேன்'னு சர்டிஃபை பண்ணி லேபிள் ஒட்டணும், நாளைக்கு கோளாறு வந்தா வித்த வண்டிய திரும்பக் கூப்பிட்டு சரி பண்றது, கோர்ட்டு எல்லாம் அவன் தலையில. டிரைவர் கதவத் திறந்தா கதவோட ஓரத்துல இல்லன்னா பக்கத்துத் தூண்ல அந்த லேபிள் இருக்கும், செஞ்ச மாசம், வருஷம், கம்பெனி குடுத்த அடையாள நம்பரோட (விஐஎன்). விக்கிறவன்கிட்ட அதோட ஃபோட்டோ கேளுங்க, அனுப்ப மாட்டேன்னா பேச்ச அதோட முடிச்சுக்கோங்க. முத்திரைய மட்டும் நம்பக் கூடாது. நான் வாங்குன ஒரு சார்ஜர் மேல ஐரோப்பிய விதிப்படி செஞ்சதுன்னு காட்டுற சிஇ முத்திரை பளிச்சுன்னு இருந்துச்சு, கொஞ்ச நாள்லயே பின் உருகி ப்ளக்கோட ஒட்டிக்கிச்சு, வித்த கடையையே அப்புறம் சைட்ல காணோம்.

கேள்வி: 25 வருஷம் தாண்டின வண்டின்னா அமெரிக்காவுக்குக் கொண்டு வரலாம்னு யூட்யூப்ல பாத்து, 1998 சுசுகி கேரி மினி ட்ரக் ஜப்பான்ல இருந்து இறக்கினேன். இப்ப எங்க மாநிலத்துல நம்பர் பிளேட் தர மாட்டேங்குறாங்க. யார் மேல கேஸ் போடலாம்?

பதில்: யார் மேலயும் போட முடியாது. 25 வருஷ விதி நாட்டுக்குள்ள இறக்குறதுக்கு மட்டும்தான், ரோட்டுல ஓட்ட பிளேட் குடுக்குறது மாநிலம். சில மாநிலம் இந்த குட்டி ட்ரக்குங்களுக்கு பிளேட் தர்றதில்ல. பணம் கட்டுறதுக்கு முன்னாடி வண்டி பதிவு பண்ற டிஎம்வி ஆஃபீஸுக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும், அத செய்யாம இப்ப கேஸ் போடணும்னா நான் என்ன சொல்ல முடியும். பிளேட் குடுக்குற மாநிலத்துல ஆள் பாத்து வித்துருங்க.

கேள்வி: டாடா நானோவ ஐரோப்பாவுக்குக் கொண்டு போறேன்னு சொன்னாங்களே, ஏன் போகல? நம்ம ஊர் கார்னா அவங்களுக்கு இளப்பமா? (கோயம்புத்தூர்)

பதில்: இளப்பம் இல்லைங்க. 2008 ஜனவரில டெல்லில லட்ச ரூபா கார்னு காட்டினாங்க, 2009ல ஜெனீவா கண்காட்சியில நானோ யூரோப்பானு ஒண்ண நிறுத்தினாங்க. அதுல ஏர்பேக், பிரேக் போட்டா சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கிற ஏபிஎஸ், பெரிய எஞ்சின் எல்லாம் போட வேண்டியிருந்துச்சு. நம்ம ஊர் நானோல ஒரே ஒரு வைப்பர், சக்கரத்துக்கு மூணு போல்ட், ஆரம்ப மாடல்ல பின்னாடி டிக்கி கதவு திறக்கவே திறக்காது, 624 சிசி, உச்ச வேகம் 105. ஐரோப்பாவுக்கு வேணுங்கறத எல்லாம் சேத்தா லட்ச ரூபா கார்ங்கற கணக்கே காணாமப் போயிடும். கடைசி வரைக்கும் அங்க விக்கல, 2018ல இங்கயே தயாரிப்பு நின்னுடுச்சு.

நீங்க கேட்டத நான் திருப்பிக் கேக்குறேன், பல வருஷமா மனசுல கெடக்குறது இது. அங்க ஏன் விக்கலங்கறது இருக்கட்டும், அங்க விக்க முடியாதத இங்க எப்படி வித்தாங்க? ஹூண்டாய் ஐ10ஐ எடுத்துக்கோங்க, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைல செஞ்சு கப்பல்ல ஐரோப்பாவுக்கும் போச்சு. 2008ல யூரோ என்கேப், அதான் கார மோதிப் பாத்து அஞ்சுக்கு இத்தனை ஸ்டார்னு குடுக்குற ஐரோப்பிய அமைப்பு, அதுக்கு நாலு ஸ்டார் குடுத்துச்சு. 2014 ஜனவரில அதே மாதிரி சோதிக்கிற குளோபல் என்கேப், இந்தியாவுல விக்கிற ஏர்பேக் இல்லாத ஐ10ஐ 64 கிலோமீட்டர் வேகத்துல மோதிப் பாத்துச்சு, பெரியவங்க பாதுகாப்புக்கு பூஜ்யம். ஆல்டோ 800, நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ, எல்லாத்துக்கும் அன்னைக்கு பூஜ்யம்தான். அந்த வீடியோவ ஒரு தடவ பாருங்க, ஏர்பேக் இல்லாத ஸ்டீயரிங்ல பொம்மையோட மூஞ்சி போய் இடிக்கிறத. நம்ம பசங்க செஞ்ச கார், அங்க போறவனுக்கு ஒரு மாதிரி, நமக்கு ஒரு மாதிரி. கேட்டா 'கஸ்டமர் விலை கம்மியாத்தான் கேக்குறாங்க'ன்னு நம்ம மேலயே போடுவாங்க.

2013ல நானும் ஒரு ஷோரூம்ல ஏர்பேக் வெச்ச வேரியன்ட்தான் கேட்டேன். 'அது ஸ்டாக் வராது சார், சிட்டிக்குள்ள ஓட்ட எதுக்கு'ன்னு பேசிப் பேசி பேஸ் மாடலத் தலையில கட்டிட்டு, மிச்சமான காசுக்கு சீட் கவர், ஸ்டீரியோ, ஃபாக் லேம்ப்னு பேக்கேஜ் போட்டு வாங்கிட்டாங்க. அவ்வளவு வருஷமும் அதுலதான் வீட்டு ஆளுங்கள ஏத்திட்டுப் போனேன். இங்க ஏபிஎஸ் கட்டாயம் ஆனதே 2019ல, பக்கத்து சீட்டுக்கு ஏர்பேக் எல்லா கார்லயும் வந்தது 2022ல. சட்டம் வந்ததும் அதே கம்பெனிங்க அதே கார்ல மாட்டினாங்களா இல்லையா? அப்ப முன்னாடியே முடிஞ்சிருக்கும், செய்யல.

கேள்வி: லண்டன்ல டாசியா ஸ்ப்ரிங்னு ஒரு குட்டி எலக்ட்ரிக் கார், 2024ல 14,995 பவுண்டுல இருந்து வந்துச்சு. சிட்டிக்கு எடுக்கலாமா அண்ணா? பின் சீட்டுல ரெண்டு பிள்ளைங்க. (ஹாரோ)

பதில்: விதிக்குள்ள வந்தாலே பத்திரம்னு நெனச்சுடக் கூடாதுங்கறதுக்கு இந்தக் கார்தான் சாட்சி. இது நம்ம ஒரகடம் ரெனோ க்விட்டோட வழியில வந்தது, சீனாவுல செஞ்சது. 2016ல இந்திய க்விட்டுக்கு குளோபல் என்கேப் பூஜ்யம் போட்டுச்சு. 2021ல ஸ்ப்ரிங்க யூரோ என்கேப் சோதிச்சப்போ ஒரே ஒரு ஸ்டார், ஓட்டுறவர் நெஞ்சுக்கும் பின் சீட்டுல இருக்குறவங்க தலைக்கும் ஆபத்து அதிகம்னு எழுதினாங்க. பின்னாடி புது விதிக்காக ஓட்டுறவருக்கு உதவுற வசதியெல்லாம் சேத்தாங்க, ஆனா பிள்ளைங்க பின்னாடிதானே உக்காரப் போறாங்க. தனியா ஆஃபீஸ் போயிட்டு வர்றவர்னா யோசிக்கலாம்னு சொல்லிருப்பேன். நீங்க அதே காசுக்கு நாலஞ்சு ஸ்டார் வாங்கின செகண்ட் ஹேண்ட் கார் தேடுங்க, ஸ்டார் எந்த வருஷம் குடுத்ததுன்னு யூரோ என்கேப் சைட்லயே இருக்கும், புக்கிங் போடுறதுக்கு முன்னாடி பாத்துடுங்க.